நேர்ச் சாலையில் கோணல் ஸ்டியரிங்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை. மலருக்காகச் சிறிது சுருக்கப்பட்டது. பேச்சு வழக்கு பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



செயலாளர் எனக்குப் போன் செய்து, "அண்ணாச்சி, நீங்க ஒரு பதினஞ்சு நிமிஷம் பேசணும், வாழ்க்கையில் முன்னேறுவது எப்படின்னு தலைப்புப் போட்டுரட்டுமா?" என்று கேட்டார். முன்னேறினவங்க நிறையப் பேர் வந்திருக்காங்க, அவங்களைப் பேசச் சொல்லுங்க தம்பி, எனக்குக் கார்தான் தெரியும்னு சொன்னேன். அதிலும் பழைய கார். ஆகவே இன்றைக்கு ஒரே ஒரு சின்ன விஷயம். வண்டி நேராகப் போகிறது, ஆனால் ஸ்டியரிங் சக்கரம் கோணலாக நிற்கிறது. இதை எப்படிச் சரி செய்வது?

சின்ன விஷயம் என்று நான்தான் சொன்னேன். அது சின்ன விஷயமா என்று நீங்கள் பிறகு முடிவு செய்யுங்கள்.

பழைய கார் என்றால் எது என்று மாணவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். எங்கள் காலத்துக் கோவில்பட்டியில் கார் என்றால் இரண்டுதான். ஒன்று அம்பாசடர். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரை வைத்து, கல்கத்தா பக்கத்தில் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்தது. 1950-களின் கடைசியில் தொடங்கி 2014 மே மாதத்தில்தான் நின்றது. இன்னொன்று பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் செய்த பத்மினி. அதன் பூர்வீகம் பியட் 1100. பம்பாயில் கடைசிப் பத்மினி டாக்சி 2023 அக்டோபரோடு ஓய்வு பெற்றபோது பத்திரிகையெல்லாம் எழுதினார்கள். 1983-இல் மாருதி 800 வந்த பிறகும் தீப்பெட்டி ஆபீஸ் முதலாளிகள் பலர் அம்பாசடரை விடவில்லை. முன்னால் மூன்று பேர், பின்னால் நாலு பேர், மடியில் பிள்ளைகள், டிக்கியில் ஒரு மூட்டை உளுந்து. அதுதான் நம்ம ஊர்க் கணக்கு.

இந்த வண்டிகள் இன்னும் ஓடுகின்றன. பதினைந்து வருஷம் ஆன சொந்த வண்டியைத் தகுதிச் சோதனை காட்டிப் பதிவைப் புதுப்பித்து, ஐந்து ஐந்து வருஷமாக ஓட்டுகிறார்கள். அப்பா வாங்கிய வண்டி என்று விற்க மனமில்லாமல் வைத்திருப்பவர்கள் இந்த அரங்கத்திலேயே மூன்று பேர் இருப்பது எனக்குத் தெரியும். வண்டி இருக்கிறது, அதைத் தெரிந்த மெக்கானிக் குறைந்துகொண்டே வருகிறார். அதனால்தான் இந்தத் தலைப்பு.

ஒரு நடந்த கதை சொல்கிறேன். 1997. விளாத்திகுளம் பக்கத்துக் கிராமத்துக்காரர் ஒருவர், செகண்ட் ஹேண்டு டீசல் அம்பாசடர் வைத்து வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். பெயர் வேண்டாம். சுற்றுவட்டாரத்தில் ராத்திரி நேரத்தில் பிரசவ வலி என்றால் அவர் வண்டிதான். நேரே பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி. ஒரு நாள் எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கினபோது இடது முன்சக்கரம் ஓரத்துக் கல்லில் மோதியது. வண்டிக்கு வேறொன்றும் ஆகவில்லை. ஸ்டியரிங் மட்டும் இரண்டு விரற்கடை கோணலாகிவிட்டது. ஒரு பட்டறைக்குப் போனார். அங்கே என்ன செய்தார்கள் தெரியுமா? நடு நட்டைக் கழற்றி, ஸ்டியரிங் சக்கரத்தை உருவி, பல்லில் இரண்டு பல் தள்ளி மறுபடி மாட்டி, "இப்ப நேரா இருக்கு பாருங்க"ன்னு அனுப்பிவிட்டார்கள். அரை மணி நேர வேலை. அவருக்கும் பரம சந்தோஷம்.

மூன்று மாதம் கழித்து டயர் தேய்கிறது என்று என்னிடம் வந்தார். முன் டயர் இரண்டையும் உள்ளங்கையால் தடவிப் பார்த்தேன். ஒரு திசையில் வழவழ, எதிர்த் திசையில் ரம்பம். வண்டிக்குக் கீழே படுத்துப் பார்த்தால், இடது டை ராடு வில் மாதிரி லேசாக வளைந்திருக்கிறது. எண்டில் உள்ள ரப்பர் மூடி கிழிந்து, உள்ளே கிரீஸ் இருந்த இடத்தில் கரிசல் தூசி. பந்து, கிண்ணத்துக்குள்ளே கடகடவென்று ஆடுகிறது. அது கழன்றால் இடது சக்கரம் தன் இஷ்டத்துக்குத் திரும்பும். ஸ்டியரிங்கை எவ்வளவு பிடித்தாலும் பயனில்லை. அந்த மூன்று மாதத்தில் எத்தனை தடவை ஹைகிரவுண்டுக்குப் போய் வந்தீர்கள் என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஸ்டியரிங் கோணல் என்பது அந்த வண்டி போட்ட சத்தம். சத்தத்தை நிறுத்திவிட்டார்கள், அவ்வளவுதான்.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். "வண்டி இழுக்குது" என்பது ஒன்று. "ஸ்டியரிங் கோணலா இருக்கு" என்பது வேறொன்று. கையை லேசாகத் தளர்த்தினால் வண்டி ஒரு பக்கம் ஓடினால் அது இழுப்பு. கையைத் தளர்த்தினாலும் வண்டி நேரே போகிறது, சக்கரத்தின் கம்பி மட்டும் சாய்ந்து நிற்கிறது என்றால் அது கோணல். நம்ம ஊரில் இடது பக்கம் போகிறோம். சாலை தண்ணீர் வடிய இடது ஓரத்துக்குச் சரிவாக இருக்கும். ஆகவே நல்ல வண்டியும் கொஞ்சம் இடப்பக்கம் நகரத்தான் செய்யும். அதை வைத்து வண்டியைக் குற்றம் சொல்லக் கூடாது. சரிவில்லாத இடமாகப் பார்க்க வேண்டும். பழைய ஜின்னிங் பேக்டரி முற்றம் மாதிரி நீளமான சமதளம் கிடைத்தால் உத்தமம்.

அடுத்து டயர் காற்று. சிரிக்காதீர்கள். கோணல், இழுப்பு என்று வந்த வண்டிகளில் எத்தனையோ வண்டி காற்றுப் பிடித்ததோடு திரும்பிப் போயிருக்கிறது. அப்படியும் இழுத்தால் முன் டயர் இரண்டையும் பக்கம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் கோளாறு டயரில்.

இங்கே நம்ம கரிசலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். வெளியூர்ப் புத்தகத்தில் இது இருக்காது. கரிசல் மண் தண்ணீர் குடித்தால் வீங்கும், காய்ந்தால் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். சித்திரை வெயிலில் அந்த வெடிப்பில் கை போகும். அப்படிப்பட்ட மண்மேல் போட்ட கிராமச் சாலை என்ன ஆகும்? ஐப்பசி மழையில் உப்பும், பங்குனியில் இறங்கும். நாலு மழைக்காலம் தாண்டினால் தார்ச்சாலை அலை அலையாகிவிடும். ஓரம் தனியாக உடைந்து தாழ்ந்துபோகும். ஒற்றை வழிச் சாலையில் எதிரே பஸ் வந்தால் நாம்தான் ஒதுங்க வேண்டும். ஒதுங்கும்போது கீழே இறங்குவது எந்தச் சக்கரம்? இடது சக்கரம். திரும்ப ஏறும்போது அந்த வெட்டில் அடி வாங்குவதும் அதே சக்கரம். ஆகவே எட்டயபுரம், விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம் பக்கம் ஓடும் வண்டி என்றால் நான் முதலில் இடது பக்கத்து டை ராடு, பால் ஜாயிண்ட், புஷ் இவற்றைத்தான் பார்ப்பேன்.

மழைக்காலத்தில் இன்னொரு வேடிக்கை. கரிசல் சேறு சக்கர வளையத்தின் உள்பக்கம் அப்பிக்கொண்டு காய்ந்துவிடும். ஒரு பக்கம் அரைக் கிலோ மண் கூடுதலாக இருந்தால் வேகத்தில் ஸ்டியரிங் உதறாமல் என்ன செய்யும்? "அலைன்மெண்ட் போச்சு"ன்னு பதறிக்கொண்டு வருவார்கள். ஒரு குச்சியை எடுத்துச் சுரண்டிவிட்டுத் தண்ணீர் அடித்தால் போதும். இதற்குப் பணம் வாங்குவதா வேண்டாமா என்பது அவரவர் மனசாட்சி.

காற்றும் மண்ணும் பார்த்தாயிற்று. இப்போது ஆட்டம். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, கீழே கட்டை முட்டுக் கொடுத்துவிட்டு — ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் படுக்காதீர்கள், மாணவர்கள் இதை இரண்டு தடவை கேட்டுக்கொள்ளுங்கள் — சக்கரத்தை மூன்று மணி, ஒன்பது மணி நிலையில் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் பெரும்பாலும் டை ராடு எண்டு. பன்னிரண்டு மணி, ஆறு மணி நிலையில் ஆடினால் பேரிங் அல்லது பால் ஜாயிண்ட். ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொண்டு இருக்கும்போதே ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங், நிற்காவிட்டால் ஜாயிண்ட். ஆட்டம் உள்ள வண்டிக்கு அலைன்மெண்ட் பார்ப்பது ஓட்டைக் குடத்துக்கு அளவு குறிப்பது மாதிரி. தேய்ந்ததை மாற்றிய பிறகுதான் அடுத்த படி. வளைந்த டை ராடைச் சுத்தியலால் நிமிர்த்தி மாட்டுகிற வழக்கம் உண்டு. நான் அதை ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. ஒரு தடவை வளைந்த இரும்பு, நிமிர்த்திய இடத்தில்தான் மறுபடி ஒடியும்.

பலரும் மறந்துவிடுகிற இடம் பின் ஆக்சில். அம்பாசடருக்கும் பத்மினிக்கும் பின்னால் பட்டை ஸ்பிரிங். அந்தப் பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் நடு போல்ட்டு முறிந்தாலோ யு போல்ட்டு தளர்ந்தாலோ ஆக்சில் ஒரு பக்கம் அரை அங்குலம் பின்வாங்கிவிடும். அப்போது பின் சக்கரங்கள் வண்டியை ஓரமாகத் தள்ளும். அதை ஈடுகட்ட முன் சக்கரங்களை நாம் கொஞ்சம் திருப்பிப் பிடிக்க வேண்டும். வண்டி நண்டு மாதிரி பக்கவாட்டில் நடக்கும். ஸ்டியரிங் கோணலாக நிற்கும். முன்பக்கத்தில் எத்தனை நாள் வேலை பார்த்தாலும் இது தீராது. மூட்டை ஏற்றுகிற வண்டிகளில் இது சகஜம்.

இதற்கெல்லாம் கம்ப்யூட்டர் அலைன்மெண்ட் மெஷின் வேண்டுமே என்பீர்கள். இருந்தால் நல்லது, போய்ப் பாருங்கள். இல்லாதபோது நம் கையில் நூல் இருக்கிறது. மில் ஊரில் பிறந்துவிட்டு நூலுக்கு அலைவோமா? நல்ல முறுக்கு நூலாக இரண்டு. வண்டியின் இரண்டு பக்கமும், சக்கரத்தின் நடு உயரத்துக்கு, முன்னும் பின்னும் ஸ்டாண்டு நட்டு, நீளவாக்கில் இழுத்துக் கட்டுங்கள். கொத்தனார் சுவருக்கு நூல் பிடிப்பதில்லையா, அதே வேலைதான். முன் சக்கரங்களின் நடுக்குமிழிலிருந்து நூல் வரைக்கும் இடமும் வலமும் ஒரே தூரம் இருக்க வேண்டும். பின் சக்கரங்களிலும் இடமும் வலமும் ஒரே தூரம். முன் தூரமும் பின் தூரமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பல வண்டிகளில் முன் சக்கர அகலம் வேறு, பின் சக்கர அகலம் வேறு. நூல் இரண்டும் வண்டியின் நடுக்கோட்டுக்கு இணையாக நிற்கின்றன என்பதுதான் முக்கியம்.

இனி ஒவ்வொரு சக்கரத்திலும் வளையத்தின் முன் விளிம்பிலிருந்து நூலுக்கு எவ்வளவு, பின் விளிம்பிலிருந்து எவ்வளவு என்று ஸ்டீல் ஸ்கேல் வைத்து அளந்து எழுதுங்கள். பின் சக்கரத்தில் வித்தியாசம் இருந்தால் சற்றுமுன் சொன்ன ஆக்சில் கோளாறு. முன் சக்கரங்களில், முன் விளிம்புகள் இரண்டும் உள்ளே சாய்ந்திருந்தால் டோ இன். வெளியே விரிந்திருந்தால் டோ அவுட். எவ்வளவு இருக்க வேண்டும் என்பது அந்தந்த வண்டியின் கையேட்டில் இருக்கும்; அடுத்த வண்டியின் அளவை இதற்குப் போடக் கூடாது.

அடுத்து, ஸ்டியரிங்கின் உண்மையான நடு எது? சக்கரத்தின் கம்பியை வைத்து முடிவு செய்யாதீர்கள். அதை யாராவது முன்பே கழற்றி மாட்டியிருக்கலாம். முன் சக்கரங்கள் தூக்கியிருக்கும்போதே ஒரு கோடி வரை திருப்பி, அங்கிருந்து மறு கோடி வரை எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். அதில் சரிபாதி திரும்பி வந்தால் நடு. அம்பாசடரில் ராக் அண்டு பினியன். பல்லுள்ள கம்பி ஒன்று இடமும் வலமும் நகரும். நடுவில் நிற்காத ராக் என்றால் ஒரு பக்கம் வண்டி நன்றாகத் திரும்பும், மறுபக்கம் சீக்கிரமே முட்டிக்கொள்ளும். குறுகலான தெருவில் ரிவர்ஸ் எடுக்கும்போது தெரியும். அதோடு இடது ராடு ஒரு நீளம், வலது ராடு ஒரு நீளம் என்று ஆகிவிடுவதால் மேடு பள்ளத்தில் இரண்டு சக்கரமும் இரண்டு விதமாக அசைந்து ஸ்டியரிங்கை வெடுக்கென்று இழுக்கும். அலையலையான கரிசல் சாலையில் இது பெரிய தொந்தரவு.

பத்மினியில் கதை வேறு. அதில் வார்ம் வகை ஸ்டியரிங் பாக்ஸ். அதன் அமைப்பிலேயே, நடு நிலையில் பிளே மிகக் குறைவாகவும் இரு பக்கமும் போகப் போகக் கூடுதலாகவும் வைத்திருப்பார்கள். நேரே போகும் நேரம்தானே அதிகம். தேய்மானமும் அங்கேதான் அதிகம். பாக்ஸ் நடுவில் இல்லாமலே வண்டி நேராக ஓடும்படி வைத்துவிட்டால், பிளே எப்போதும் அதிகமாகத் தெரியும். உடனே ஒருவர் மேலே இருக்கும் ஸ்குருவை முறுக்கி பிளேயைக் குறைப்பார். பிறகு ஒரு வளைவில் பாக்ஸ் தன் உண்மையான நடுவைத் தாண்டும்போது இறுகிப் பிடிக்கும். வளைவில் ஸ்டியரிங் இறுகினால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

நடுவைக் கண்டுபிடித்து ஸ்டியரிங்கை அங்கே கட்டி நிறுத்திவிட்டோம். இப்போது ராடுகளைத் திருத்த வேண்டும். ஒரு பக்கத்து ராடை மட்டும் திருகினால் டோவும் மாறும், நடுவும் மாறும். ஒரு பக்கம் நீட்டி, மறுபக்கம் அதே அளவு சுருக்கினால் டோ அப்படியே இருக்கும், ஸ்டியரிங்கின் நிலை மட்டும் நகரும். இந்த ஒரு வரியைப் புரிந்துகொண்டால் இந்தத் தொழிலில் பாதி புரிந்த மாதிரி. எந்தப் பக்கம் நீட்டுவது? நேராகப் போகும்போது ஸ்டியரிங் இடப்பக்கம் சாய்ந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். டை ராடு சக்கர மையத்துக்குப் பின்னால் இருந்தால் இடது ராடைச் சுருக்கி வலது ராடை நீட்ட வேண்டும். முன்னால் இருந்தால் இதற்கு நேர் எதிர். மனப்பாடம் வேண்டாம், கீழே குனிந்து பார்த்து, ராடை நீட்டினால் சக்கரம் எங்கே திரும்பும் என்று கையால் காட்டிப் பாருங்கள், தானே தெரியும்.

மாணவர்களுக்காக ஒரு கணக்கு. ஸ்டியரிங் விகிதம் 16 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டியரிங் 20 டிகிரி கோணல் என்றால் சாலையில் சக்கரம் ஒன்றேகால் டிகிரி. டை ராடு திருகின் இடைவெளி ஒன்றரை மில்லிமீட்டர், ஸ்டியரிங் ஆர்ம் 120 மில்லிமீட்டர் என்று எடுத்தால், ஒரு முழுச் சுற்றுக்குச் சக்கரம் சுமார் 0.7 டிகிரி திரும்பும். ஆக ஒவ்வொரு பக்கமும் ஒன்றேமுக்கால் சுற்று. எண்கள் வண்டிக்கு வண்டி மாறும், முறை மாறாது. நடைமுறையில் அரைச் சுற்று திருகி, வண்டியைப் பத்தடி முன்னும் பின்னும் தள்ளி டயர் தன் நிலைக்கு வர விட்டு, மறுபடி அளக்க வேண்டும். தள்ளாமல் அளந்தால் அளவு பொய் சொல்லும்.

முடிந்ததும் லாக் நட்டு. ராடைத் திருத்திவிட்டு லாக் நட்டை மறந்தால், நாம் செய்த வேலையைச் சாலை பிரித்துவிடும். எண்டு திருகு ராடுக்குள் போதுமான அளவு உள்ளே இருக்கிறதா, காட்டர் பின் புதிதாகப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பழைய காட்டர் பின்னை நிமிர்த்தித் திரும்பப் போடுகிற சிக்கனம் வேண்டாம்.

இத்தனையும் சரி, ராக் நடுவில், டோ சரி, பின் ஆக்சில் நேர்; அதற்கு மேலும் கம்பி சாய்ந்தே நிற்கிறது என்றால் அப்போது தாராளமாக நடு நட்டைக் கழற்றுங்கள். யாரோ முன்பு தப்பாக மாட்டியது அது. இண்டிகேட்டர் தானாக அணைகிற அமைப்பும் அப்போதுதான் இரு பக்கமும் ஒரே மாதிரி வேலை செய்யும்.

ஒரு எச்சரிக்கை. இந்த நட்டுக் கழற்றும் வேலையைப் புது வண்டியில் வைத்துக்கொள்ளாதீர்கள். ஸ்டியரிங்குக்குள் ஏர்பேக் இருக்கிறது. அதற்கு மின்சாரம் கொண்டுபோகும் சுருள் நாடா ஒன்று இருக்கிறது. நடு தப்பி மாட்டினால் ஒரு முழுத் திருப்பத்தில் அறுந்துவிடும். ஸ்டியரிங் எத்தனை டிகிரி திரும்பியிருக்கிறது என்று பார்க்கிற சென்சாரும் பல வண்டிகளில் உண்டு. ஏர்பேக்கைத் தொடுவதற்கு முறை தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள். புது வண்டியிலும் கோணலுக்குக் காரணம் அதே டை ராடும் அதே கல்லும்தான்.

விளாத்திகுளத்து வண்டிக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். டை ராடு ஒன்று, எண்டு இரண்டு, முன் டயர் இரண்டு மாற்றினோம். ஸ்டியரிங் சக்கரத்தைத் தள்ளி மாட்டிய அந்த இரண்டு பல்லையும் பழைய இடத்துக்கே கொண்டுவந்தோம். இரண்டு நாள் வேலை. அந்த இரண்டு ராத்திரியும் ஊரில் யாருக்கும் வலி எடுக்கக் கூடாதே என்று அவர் புலம்பிக்கொண்டே பட்டறை வாசலில் உட்கார்ந்திருந்தார். 2009 வரைக்கும் அந்த வண்டியை அவர்தான் ஓட்டினார்.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மெக்கானிக்கல் பிளாக்குக்குப் பின்னால் என் அம்பாசடரை நிறுத்தியிருப்பேன். நேற்றே அதன் இடது ராடை ஒரு சுற்று, வலது ராடை அரைச் சுற்று மாற்றி வைத்திருக்கிறேன். நூலும் ஸ்கேலும் 22-ஆம் நம்பர் ஸ்பானரும் தருகிறேன். கோணலை மாணவர்களே கண்டுபிடித்து நேராக்க வேண்டும். வெள்ளைச் சட்டை போட்டவர்கள் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்.